அதே வாத்தியார், அதே புத்தகம், வேற மார்க்

ஸ்டீபன் செசி அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். குழந்தைகளின் மனவளர்ச்சி பற்றிய ஒரு பாடத்தை கிட்டத்தட்ட 20 வருடங்களாக நடத்தி வந்தவர். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் மாணவர்கள் அவருக்கு மார்க் போடுவார்கள். பிரமாதமும் இல்லை, மோசமும் இல்லை, நடுவாந்தரம்.

1990களின் தொடக்கத்தில் இரண்டு செமஸ்டருக்கு நடுவில் வந்த விடுமுறையில் அவர் ஒரு பயிற்சிக்குப் போனார். உளவியல் பற்றிய பயிற்சி இல்லை, பாடம் நடத்தும் விதம் பற்றியது. குரலை ஏற்றி இறக்கிப் பேசுவது, கையை அசைத்துப் பேசுவது, உற்சாகத்தை வெளியே காட்டுவது, அவ்வளவுதான். திரும்பி வந்து அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தை எடுத்தார். பாடத்திட்டம், புத்தகம், பரீட்சை எதுவும் மாறவில்லை. பேசின விஷயமாவது மாறியிருக்குமோ என்று சந்தேகம் வரும் இல்லையா? இரண்டு செமஸ்டர் லெக்சர்களையும் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உள்ளடக்கம் ஒன்றேதான்.

மார்க் என்ன ஆச்சு? எல்லாக் கேள்விகளிலும் ஏறியது. "பேராசிரியருக்கு விஷயம் தெரியுமா" என்ற கேள்வியில் ஏறியது. "வகுப்புக்கு வெளியே அவரைச் சுலபமாகப் பார்க்க முடிந்ததா" என்ற கேள்வியில் ஏறியது. "மார்க் நியாயமாகப் போட்டாரா" என்பதிலும் ஏறியது. எனக்கு ரொம்பப் பிடித்தது, "பாடப்புத்தகம் எப்படி இருந்தது" என்ற கேள்வி. 5க்கு சுமார் 2 வாங்கிக் கொண்டிருந்த அதே புத்தகம், இந்த முறை சுமார் 3 வாங்கியது. புத்தகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. வாத்தியார் கையை ஆட்டிப் பேசினார், புத்தகம் நன்றாகிவிட்டது!

இன்னொரு கேள்வியும் இருந்தது: "இந்தப் பாடத்தில் எவ்வளவு கற்றுக்கொண்டீர்கள்?" அதிலும் நல்ல ஏற்றம். ஆனால் பரீட்சை மார்க்கைப் பார்த்தால் இரண்டு செமஸ்டருக்கும் வித்தியாசம் இல்லை. நிறைய கற்றுக்கொண்டதாக மாணவர்கள் உண்மையிலேயே நம்பினார்கள். கற்றுக்கொண்டது பழைய அளவுதான்.

செசியும், உடன் பணிபுரிந்த வெண்டி வில்லியம்ஸும் 1997ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தன் மார்க் ஏறியதை ஒரு பேராசிரியரே முன்வந்து "இதை நம்பாதீங்க" என்று சொல்வது அபூர்வம். அதனால்தான் இந்தக் கட்டுரையிலிருந்து தொடங்கினேன். இதைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

இந்தப் படிவம் எங்கிருந்து வந்தது

மாணவர்கள் ஆசிரியருக்கு மார்க் போடும் பழக்கம் இணையத்தோடு வந்தது இல்லை. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்ற உளவியலாளர் 1920களிலேயே இதற்கென்று ஒரு அளவுகோல் தயாரித்தார். ஆசிரியர் தன்னைத் திருத்திக்கொள்ள மாணவர்கள் சொல்வது உதவும் என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் காலப்போக்கில் இந்தப் படிவம் வேறு வேலைக்குப் போய்விட்டது. யாருக்குப் பதவி உயர்வு, யாருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதையெல்லாம் முடிவு செய்யும்போது மேஜையில் இருக்கும் எண் இதுதான்.

நம்ம ஊரிலும் இது இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் அமைப்பு, 2017ல் மாற்றியமைத்த முறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு என்ற ஒன்றைச் சேர்த்தது. பெயரிலேயே நேர்மை இருக்கிறது பாருங்க, "திருப்தி" என்றுதான் சொல்கிறார்கள், "கற்றல்" என்று சொல்லவில்லை. அந்த எண்ணைப் படிக்கிற நாம்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

புத்தகத்துக்கு ஏன் மார்க் ஏறியது

இதற்கான விளக்கம் செசி பயிற்சிக்குப் போவதற்கு 70 வருடம் முன்பே வந்துவிட்டது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920ல், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மார்க் போடச் சொல்லியிருந்தார்கள். வந்த மார்க்குகளோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தன. ஒரு விஷயத்தில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்தவராக இருந்தார். நிஜ வாழ்க்கையில் மனிதர்கள் இவ்வளவு சீராக இருப்பதில்லையே! அதிகாரி மனசுக்குள் "இவன் நல்ல ஆள்" என்று ஒரே ஒரு தீர்ப்பு இருந்தது, அதையே ஒவ்வொரு கட்டத்திலும் எழுதினார். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வட்டமாக ஒளி இருக்கும் இல்லையா, அதை வைத்து இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர்.

ஒரு படிவத்தில் 15 கேள்விகள் இருக்கலாம். மாணவர் பதில் சொல்வது பெரும்பாலும் ஒரே கேள்விக்குத்தான்: "இவரை எனக்குப் பிடிக்குமா?" மற்ற 14ம் அதன் எதிரொலி.

அந்தப் பிடிக்கும், பிடிக்காது எவ்வளவு சீக்கிரம் முடிவாகிறது? நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசந்தாலும் 1993ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஹார்வர்டில் பாடம் எடுத்த 13 பேரின் வீடியோவிலிருந்து ஆளுக்கு மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 10 விநாடி. சத்தத்தை எடுத்துவிட்டார்கள். அந்த ஆசிரியர்களை முன்பின் பார்த்திராத சிலரிடம் காட்டி, "இவர் எவ்வளவு உற்சாகமானவர், தன்னம்பிக்கை உள்ளவர், அன்பானவர்" என்பது போல மதிப்பிடச் சொன்னார்கள். இந்த 30 விநாடி ஊமைப்படத்துக்கு வந்த மதிப்பீடும், செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து கேட்ட மாணவர்கள் கடைசியில் போட்ட மார்க்கும் பெரிய அளவில் ஒத்துப்போயின. ஒட்டுறவு 0.76. முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லை என்றால் 0. 13 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை மறக்கக் கூடாது. ஆனாலும் பாடத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாதவர்களால் இவ்வளவு தூரம் ஊகிக்க முடிந்தது என்றால், மார்க்கில் பெரும்பங்கு எதற்குப் போகிறது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

சரி, பிடித்த வாத்தியாரிடம் நன்றாகப் படிக்க மாட்டோமா?

எனக்கும் முதலில் தோன்றிய கேள்வி இதுதான். ஒருவரைப் பிடித்துப்போனால் வகுப்புக்கு ஒழுங்காகப் போவோம், கவனிப்போம், நன்றாகப் படிப்போம். அப்படியென்றால் அந்த மார்க் கற்றலையும் காட்டத்தானே வேண்டும்?

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஒரே பாடத்தைப் பல பிரிவுகளாகப் பிரித்துப் பல ஆசிரியர்கள் நடத்துகிறார்கள், கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை. அதிக மார்க் வாங்கிய ஆசிரியரின் பிரிவு பரீட்சையிலும் நன்றாகச் செய்ததா என்று பார்க்கலாம். இப்படிப்பட்ட 41 ஆய்வுகளை 1981ல் பீட்டர் கோஹன் என்பவர் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். ஒட்டுறவு 0.43 என்று வந்தது. சுமாரான அளவு, ஆனால் இல்லை என்று தள்ளிவிட முடியாது. ரொம்ப காலத்துக்கு "மாணவர் மதிப்பீடு சரியான அளவுகோல்தான்" என்று சொன்னவர்கள் இதைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

2017ல் பாப் உட்டலும் அவரது சகாக்களும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். அவர்கள் கவனித்தது இது: பெரிய ஒட்டுறவு காட்டிய ஆய்வுகளில் பல, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிரிவுகளை மட்டும் வைத்துச் செய்தவை. காசைச் சுண்டுவதை நினைத்துப் பாருங்க. 5 தடவை சுண்டி 4 தடவை தலை விழுந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம். 500 தடவையில் 400 தலை என்றால் காசில் ஏதோ இருக்கிறது. ஐந்தாறு பிரிவுகளை வைத்துச் செய்த ஆய்வில் தற்செயலாகவே பெரிய எண் வரலாம், அப்படி வந்தவைதான் பத்திரிகையில் அச்சாகவும் வாய்ப்பு அதிகம். இதைச் சரிசெய்து, நிறையப் பிரிவுகள் உள்ள ஆய்வுகளுக்கு உரிய எடை கொடுத்துப் பார்த்ததும் ஒட்டுறவு ஏறத்தாழ பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

பூஜ்யத்தோடு நின்றாலும் பரவாயில்லை. அமெரிக்க விமானப்படை அகாடமி விஷயம் இதைவிட ஒரு படி மேலே போகிறது. அங்கே மாணவர்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் மாதிரி ஒதுக்கப்படுவார்கள். பரீட்சை எல்லாப் பிரிவுக்கும் பொது. தொடர்ச்சியாக வரும் கணிதப் பாடங்களும் கட்டாயம். ஆய்வாளருக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. ஸ்காட் காரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 10,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவை எடுத்து 2010ல் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது என்னன்னா, மாணவர்களிடம் அதிக மார்க் வாங்கிய ஆசிரியர்களின் வகுப்பு, அந்தப் பாடத்தின் பரீட்சையில் நன்றாகச் செய்தது. ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த பாடங்களுக்குப் போனபோது பின்தங்கினார்கள். குறைவான மார்க் வாங்கிய, பெரும்பாலும் அனுபவம் கூடிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள், அந்தச் செமஸ்டரில் கொஞ்சம் சிரமப்பட்டாலும் பின்னால் வந்த பாடங்களில் முன்னே போனார்கள். முதலாமவர் பரீட்சைக்குத் தயார் செய்தார், இரண்டாமவர் கணக்கைப் புரிய வைத்தார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இத்தாலியில் மிலான் நகரத்தின் பொக்கோனி பல்கலைக்கழகத் தரவிலும் இதே திசையில்தான் முடிவு வந்தது.

படிவத்தை எப்போது நிரப்புகிறோம்? செமஸ்டர் முடிவில். பாடம் உதவியதா என்று எப்போது தெரியும்? அதற்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து. சாப்பாடு ஜீரணமாவதற்குள் ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிற கதைதான்.

கஷ்டப்பட்டால் கற்கவில்லை என்று தோன்றும்

ஏன் இப்படித் தலைகீழாக ஆகிறது? ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்து லூயி டெலோரியேவும் சகாக்களும் 2019ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. ஒரு குழுவுக்கு, அனுபவமுள்ள ஆசிரியர் சரளமாக லெக்சர் எடுத்தார். இன்னொரு குழுவுக்கு அதே விஷயத்தைக் கொடுத்து, சின்னக் குழுக்களாக உட்கார்ந்து கணக்குகளை அவர்களையே போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு குழுக்களை மாற்றி இன்னொரு பாடத்திலும் இதையே செய்தார்கள்.

பரீட்சையில் தாங்களே போட்டுப் பார்த்தவர்கள் மேலே வந்தார்கள். "எவ்வளவு கற்றீர்கள்" என்று கேட்டபோது லெக்சர் கேட்டவர்கள்தான் நிறைய கற்றதாகச் சொன்னார்கள். சரளமான லெக்சரைக் கேட்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும். நாமே போராடும்போது தடுக்கி விழுவோம், "ஒண்ணும் புரியலை" என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சல்தான் கற்றல் நடக்கும் சத்தம், நாமோ அதை வண்டியில் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதைப் படித்ததும் எனக்குக் கல்லூரி ஞாபகம் வந்துவிட்டது. பி.ஈ. படிக்கும்போது ஒருவர் எங்களுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்தார். போர்டில் முழு புரோகிராமும் எழுத மாட்டார். பாதியில் நிறுத்தி, "மீதியை நோட்டில் போடு, ஒவ்வொரு வரியிலும் பாயிண்டர் எங்கே நிற்குதுன்னு படம் வரை" என்பார். தப்பாக வரைந்தால் எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார், "திரும்பப் போடு" என்பதோடு சரி. வருடக் கடைசியில் படிவம் வந்தது. "இவர் எங்க சொல்லிக் கொடுக்கிறார், நாமதானே செய்யறோம்" என்று வகுப்பே பேசிக்கொண்டது. நானும் குறைவாகத்தான் போட்டேன். பக்கத்து பாடத்துக்கு வந்தவர் நோட்ஸ் கொடுப்பார், ஜோக் சொல்வார், அவருக்கு அள்ளிப் போட்டேன். அந்தப் பாடத்திலிருந்து இன்றைக்கு எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பாயிண்டர் படத்தை இப்பவும் பேப்பரில் வரைகிறேன், இருபது வருடமாக சோறு போடுவது அதுதான். என் ஒருவன் அனுபவம் ஆய்வு ஆகாது, தெரியும். ஆனால் அந்தப் படிவத்தில் நான் பொய் எழுதவில்லை. அன்றைக்கு எனக்குத் தோன்றியதைத்தான் எழுதினேன். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

கருத்துக் கேள்வியை விட்டு உண்மைக் கேள்வி கேட்டால்?

"பிடித்ததா என்று கேட்காதே, நடந்ததைக் கேள்" என்று ஒரு யோசனை வரும். நேரத்துக்கு வந்தாரா, பேப்பரைச் சீக்கிரம் திருத்திக் கொடுத்தாரா, இந்த மாதிரி. இதில் உணர்ச்சி எங்கே நுழையும்?

நுழைகிறது. அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒரு இணையவழிப் பாடத்தில் லிலியன் மேக்னெல் குழுவினர் ஒரு சோதனை செய்து 2015ல் வெளியிட்டார்கள். ஒரு ஆண், ஒரு பெண் என்று இரண்டு உதவி ஆசிரியர்கள். ஆளுக்கு இரண்டு குழு. ஒரு குழுவுக்கு உண்மையான அடையாளம், இன்னொரு குழுவுக்கு அடையாளத்தை மாற்றிக்கொண்டார்கள். இணையம் என்பதால் மாணவர்களுக்கு முகம் தெரியாது. பேப்பர்களை எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். "சீக்கிரம் திருப்பிக் கொடுத்தாரா" என்ற கேள்விக்கு, ஆண் என்று நினைத்த குழுக்கள் 5க்கு 4.35 போட்டன. பெண் என்று நினைத்தவை 3.55. ஒரே நாள், ஒரே நேரம். சின்ன அளவில் செய்த சோதனைதான், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய பதிலிலேயே இது நடந்திருக்கிறது.

ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை வைத்து 2018ல் வந்த ஆய்வு இன்னும் வேடிக்கை. சில குழுக்களுக்கு மட்டும் வகுப்பின்போது சாக்லேட் பிஸ்கட் வைத்தார்கள். பிஸ்கட் சாப்பிட்ட குழுக்கள் ஆசிரியருக்கு மட்டும் இல்லாமல் பாடக் குறிப்புகளுக்கும் கூடுதல் மார்க் போட்டன. செசியின் புத்தகம் ஞாபகம் வருதா?

தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது

இந்த எண்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது இன்னொரு கவலை. துறைச் சராசரி 4.0, உங்களுக்கு 3.7, அதனால் நீங்கள் சராசரிக்குக் கீழே. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பேர் படிவம் நிரப்பினார்கள், எல்லோரும் 4 போட்டார்கள் என்று வையுங்க. சராசரி 4.0. அதில் இரண்டே இரண்டு பேர் கோபத்தில் 1 போட்டால் மொத்தம் 74, சராசரி 3.7. மீதி 18 பேர் நினைப்பில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு ஒப்பந்த ஆசிரியரின் வேலை அந்த 0.3ல் தொங்கலாம்.

கனடாவில் இது வழக்காகவே வந்தது. டொரண்டோவில் அப்போது ரயர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்துக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் இதில் தகராறு. வில்லியம் கப்லான் என்ற நடுவர் 2018ல் தீர்ப்புச் சொன்னார்: பதவி உயர்வு, நிரந்தரப் பணி போன்ற முடிவுகளில், கற்பித்தல் திறனை அளக்க இந்த மதிப்பீட்டைப் பயன்படுத்தக் கூடாது. மாணவர்களின் அனுபவத்தை அறிய இது உதவும் என்பதையும் அவர் மறுக்கவில்லை.

அப்போ மாணவர்களைக் கேட்கவே வேண்டாமா?

நான் அந்தப் பக்கம் போகவில்லை. முதலில் செசி விஷயத்திலேயே ஒரு எச்சரிக்கை: அது ஒரே ஒரு ஆசிரியர், இரண்டு வெவ்வேறு செமஸ்டர் மாணவர்கள். குலுக்கல் போட்டுப் பிரித்த சோதனை இல்லை. உற்சாகமாகப் பாடம் நடத்துவது வீண் வேலை என்றும் அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு மணி நேரம் தூங்கி வழியாமல் உட்கார முடிந்தால் அதுவே ஒரு நன்மைதான். பரீட்சை மார்க்கில் தெரியாத ஆர்வம் பிற்பாடு எங்கேயாவது முளைக்கலாம்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மாணவர்கள் சரியாகத்தான் பதில் சொல்கிறார்கள், ஆனால் வேறு கேள்விக்கு. "அங்கே உட்கார்ந்திருந்தது எப்படி இருந்தது" என்பதற்கு அவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. பின் வரிசைக்குக் குரல் கேட்கவில்லை, கேள்வி கேட்டால் ஆசிரியர் அவமானப்படுத்துகிறார், பாதி வகுப்புகள் நடக்கவே இல்லை என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்ல முடியும். கேட்டே ஆகவேண்டும். "எவ்வளவு கற்றீர்கள்" என்பதற்குத்தான் அவர்கள் நம்பகமான சாட்சி இல்லை. அவர்கள் மட்டும் இல்லை, நாம் யாருமே இல்லை.

எனவே அந்த எண்ணை வைத்து இரண்டு ஆசிரியர்களை வரிசைப்படுத்துவதை விடலாம். எழுத்தில் வரும் குறிப்புகளைப் படிக்கலாம், இரண்டு பேர் சொன்னதையும் இருபது பேர் சொன்னதையும் பிரித்துப் பார்த்து. செமஸ்டர் முடியும்வரை காத்திருக்காமல் நடுவிலேயே கேட்டால், கேட்ட மாணவர்களுக்கே பலன் கிடைக்கும். கற்றலை அளக்கவேண்டும் என்றால் அடுத்த பாடத்தில் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கவேண்டும். அது மெதுவான வேலை, மெனக்கெடவேண்டும். படிவம் சுலபம் என்பதால்தான் படிவம் ஜெயிக்கிறது.

அடுத்த தடவை ஆபீஸ் டிரெய்னிங்கோ, இணையப் பாடமோ, உங்க பிள்ளையின் காலேஜ் ஃபார்மோ, ஐந்து நட்சத்திரம் கேட்டு ஏதாவது வந்தால், போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் உங்களையே சோதித்துப் பாருங்க. ஒரு வெற்றுத்தாளை எடுத்து, அதில் கற்றதை எதையும் பார்க்காமல் நாலு வரி எழுத முடிகிறதா? பேனா ஓடவில்லை என்றால், நட்சத்திரம் எதற்குப் போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.